ஜப்பானில் தனியாக ஓர் இலையுதிர்காலம்: தேதியை விழா முடிவு செய்யட்டும், உயரத்தை இலை முடிவு செய்யட்டும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைவம் மட்டும் சாப்பிடும் ஒரு பெண், முதல் தடவையாகத் தனியாக வெளிநாடு போகிறார். அக்டோபரில் இரண்டு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. கியோட்டோவில் சிவந்த மேப்பிள் இலைகளைப் பார்க்க வேண்டும், ஊர்த் திருவிழாக்களையும் பார்க்க வேண்டும். முடியுமா? தனியாகப் போனால் சரிப்படுமா?

முடியும், தாராளமாகச் சரிப்படும். ஆனால் அக்டோபரில் கியோட்டோ நகரத்துக்குள் சிவப்பு கிடைக்காது. அந்த மாதம் முழுக்க அங்கே கோயில் தோட்டங்களில் மேப்பிள் பச்சையாகத்தான் நிற்கும். நீங்கள் பார்த்து மயங்கிய படங்கள் எல்லாம் நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை எடுத்தவை. பழைய வழிகாட்டி நூல்களில் நவம்பர் நடுவில் என்று இருக்கும். கோடை நீண்டுகொண்டே போவதால் இப்போது அதுவும் பின்னுக்குத் தள்ளிப் போய்விட்டது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் போய் ஏமாந்து திரும்பியவர்கள் நிறையப் பேர். அவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அப்புறம் அந்த ஊரில் இலையையும் விழாவையும் தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். ஜப்பானின் பெரிய இலையுதிர்கால விழாக்கள் பலவற்றுக்கும் நாள் குறித்தாயிற்று, ஆண்டுதோறும் அதே தேதிதான். இலைக்கு அப்படித் தேதி கிடையாது, அது குளிரைப் பார்த்து நிறம் மாறும். குளிரோ வடக்கிலிருந்து தெற்கே வருகிறது, மலை உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு இறங்குகிறது. ஹொக்கைடோவின் தைசெட்சுசான் மலையில் செப்டம்பர் நடுவிலேயே இலை சிவந்துவிடும். அதே சிவப்பு டோக்கியோ, கியோட்டோ வந்து சேர நவம்பர் கடைசி ஆகிறது. அதனால் தேதியை விழாவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விழா நடக்கும் ஊரில் இலை பச்சையாக இருந்தால், பஸ் ஏறி மேலே போங்கள். நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். ஆயிரம் மீட்டர் ஏறினால் 6 டிகிரி. இரண்டு மூன்று வாரம் கழித்து வர வேண்டிய காட்சி மேலே இன்றைக்கே தயாராக இருக்கும்.

நிறம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் எந்த நாளில் எங்கே போகலாம் என்று நீங்களே ஊகிக்கலாம். இரவு வெப்பநிலை 8 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால், இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்பு உருவாகி இலையைக் கிளையிலிருந்து மெல்லத் துண்டிக்கிறது. பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. கிங்கோ, பிர்ச் போன்ற மரங்கள் மஞ்சளாவது இப்படித்தான். மேப்பிளின் சிவப்பு அப்படி மறைந்திருந்தது அல்ல, அது புதிதாக உருவாவது. இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து, வெயில் பட்டால்தான் அந்தச் சிவப்பு உண்டாகும். பகலில் நல்ல வெயில், இரவில் நல்ல குளிர், இரண்டும் சேர்ந்து நாலைந்து நாள் தொடர்ந்தால் சிவப்பு பளிச்சென்று வரும். மழையும் மூட்டமுமாகப் போனால் மங்கிவிடும். ஒரே மரத்தில்கூட வெயில் விழும் பக்கம் சிவந்தும் உள்பக்கம் ஆரஞ்சாகவும் இருப்பதைப் பார்ப்பீர்கள்.

சரி, உங்கள் இரண்டு வாரத்துக்கு வருவோம். அக்டோபர் 8 முதல் 22 வரை விடுப்பை அமைத்துக்கொள்ள முடிந்தால் பெரிய அதிர்ஷ்டம். அந்தப் பதினைந்து நாளுக்குள் நான்கு விழாக்கள் ஒரே கோட்டில் வருகின்றன.

முதலாவது தகாயாமா. நகோயாவிலிருந்து ஹிதா என்ற விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம். ஆற்றங்கரையை ஒட்டியே போகும் பாதை, ஜன்னல் இருக்கை வாங்குங்கள். அக்டோபர் 9, 10 ஆகிய இரண்டு நாளும் சகுராயாமா ஹச்சிமான் கோயிலின் இலையுதிர்கால விழா. யத்தாய் என்று சொல்லும் 11 தேர்கள் வெளியே வரும். தேர் என்று சொன்னதும் திருவாரூர் ஆழித்தேரை நினைக்காதீர்கள், உயரத்தில் இவை சிறியவை. ஆனால் வேலைப்பாட்டைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அரக்குப் பூச்சு, தங்கத் தகடு, மரச் செதுக்கல், திரைச்சீலை என்று ஒவ்வொன்றும் ஒரு தெருக்காரர்களின் பெருமை. தெரு முனையில் தேர் திரும்பும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். அடியில் மறைத்து வைத்திருக்கும் ஒரு சின்னச் சக்கரத்தைக் கீழே இறக்குவார்கள். ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும், முழுத் தேரும் அந்தச் சின்னச் சக்கரத்தின் மேல் சுழன்று திரும்பும். முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது தனி ரசனை.

ஹோத்தெய்தாய் என்ற தேரில் பொம்மலாட்டம் நடக்கும். இரண்டு குழந்தைப் பொம்மைகள் கம்பிக்குக் கம்பி தாவி வந்து, கடைசியில் ஹோத்தெய் என்ற தொப்பைக்காரக் கடவுளின் தோளில் ஏறிக்கொள்ளும். உள்ளே மறைந்திருப்பவர்கள் 36 கயிறுகளை இழுத்து இதை நடத்துகிறார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும், முதல் பொம்மை அடுத்த கம்பியைப் பிடித்ததும் கைதட்டல் கிளம்பும். 9-ஆம் தேதி மாலை தேர்களில் காகித விளக்குகளைக் கட்டி ஊர்வலம் விடுவார்கள். இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் அந்த மாலையைப் பாருங்கள். மழை பெய்தால் தேர் வெளியே வராது, அரக்கும் பட்டும் நனையக் கூடாது என்பதால். அதனால்தான் இரண்டு நாளும் ஊரில் இருக்கச் சொல்கிறேன்.

தகாயாமா ஏறத்தாழ 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்தத் தேதியில் அங்கே இலை பச்சை. 11-ஆம் தேதி காலையில் ஷின்ஹோதகா ரோப்வேக்குப் பஸ் பிடியுங்கள். இரண்டாம் கட்டத்தில் இரண்டு அடுக்குப் பெட்டி, உச்சி நிலையம் 2,156 மீட்டரில். பெட்டி ஏற ஏறக் காலுக்குக் கீழே பச்சை மஞ்சளாகி, மஞ்சள் ஆரஞ்சாகி, மேலே நனகமாடோ (ரோவன்) மரங்கள் இரத்தச் சிவப்பில் நிற்கும். ஓர் இலையுதிர்காலம் முழுவதையும் அரை மணியில் ஏறிக் கடக்கலாம். இன்னொரு நாளைக் கமிகோச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் தெளிந்த ஆறு, சமதளமான நடைபாதை. தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை என்பதால் எல்லோரும் பஸ்ஸில்தான் வர வேண்டும். கார் ஓட்டாத தனிப் பயணிக்கு எந்தக் குறையும் இல்லை. அங்குள்ள லார்ச் மரங்கள் தங்க நிறமாவது மாதக் கடைசியில்தான், நீங்கள் போகும்போது தொடக்கத்தைத்தான் பார்ப்பீர்கள்.

இரண்டாவது ஷிராகாவாகோ. தகாயாமாவிலிருந்து பஸ்ஸில் 50 நிமிடம். செங்குத்தான புல் கூரை வீடுகளுக்காக 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கிராமம். அக்டோபர் 14, 15-இல் ஓகிமாச்சி பகுதிக் கோயிலில் தொபுரோக்கு விழா நடக்கும். கோயிலிலேயே காய்ச்சிய வடிகட்டாத அரிசி மதுவைச் சாமிக்குப் படைத்துவிட்டு வந்தவர்களுக்கு ஊற்றுவார்கள். குடிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், சிங்க நடனமும் ஊர்வலமும் பார்க்கவே அங்கே போகலாம். ஊர்க்காரர்கள் தங்களுக்காகவே நடத்தும் விழா என்ற உணர்வு தகாயாமாவைவிட இங்கே அதிகம்.

மூன்றாவது நிக்கோ. ஷிராகாவாகோவிலிருந்து கனசாவாவுக்குப் பஸ், அங்கிருந்து ஷின்கான்சென் புல்லட் ரயிலில் ஓமியா, அப்புறம் உட்சுனோமியா வழியாக நிக்கோ. ஒரு முழு நாள் போய்விடும், அதனால் 16-ஆம் தேதியை இதற்கு ஒதுக்குங்கள். 17-ஆம் தேதி தோஷோகு கோயிலில் சாமுராய் ஊர்வலம். ஷோகன் என்ற பட்டத்தோடு ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் தொகுகாவா இயெயாசு அடக்கமான இடம் அது. கவசம் பூண்ட வீரர்கள் தேவதாரு மரங்களுக்கு நடுவே நடந்து வருவார்கள். தகாயாமா கணக்கேதான் இங்கேயும்: கோயிலைச் சுற்றி இலை பச்சை, மேலே சுசென்ஜி ஏரி 1,269 மீட்டரில், அதற்கும் மேலே சென்ஜோகஹாரா சதுப்புநிலம் ஏறத்தாழ 1,400 மீட்டரில். அக்டோபர் நடுவில் அங்கே புல்லே செம்பு நிறமாகிவிடும். ஏறிப்போகும் இரோஹாசாகா சாலையில், ஏறவும் இறங்கவும் தனித்தனியாக இருக்கும் இரண்டு பாதைகளையும் சேர்த்து, 48 கொண்டை ஊசி வளைவுகள். பருவத்தில் சனி ஞாயிறு போனால் பஸ் மணிக்கணக்கில் நகராது. வார நாளில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் மேலேயே ஒரு இரவு தங்கிவிடுங்கள். 97 மீட்டர் கெகோன் அருவியைக் காலை வெயிலில் பார்க்க அதுதான் வழி.

நான்காவதாகத்தான் கியோட்டோ. அக்டோபர் 22-இல் ஜிதாய் விழா. கியோட்டோ தலைநகரானது 794-இல். அதன் 1100-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1895-இல் ஹெயான் கோயிலைக் கட்டியபோது தொடங்கிய ஊர்வலம் இது. ஏறத்தாழ 2,000 பேர் வெவ்வேறு காலத்து உடைகளில் பழைய அரண்மனையிலிருந்து நண்பகலில் புறப்படுவார்கள். காலம் பின்னோக்கிப் போகும்: முன்னால் 19-ஆம் நூற்றாண்டு மெய்ஜி வீரர்கள், கடைசியில் எட்டாம் நூற்றாண்டு வில்லாளிகள். இலைக்காகக் கியோட்டோ போகாதீர்கள் என்று சொன்னேனே, விழாவுக்காகப் போகலாம். அன்று இரவே குராமா மலைக் கிராமத்தில் தீப்பந்த விழாவும் உண்டு. பெரிய பெரிய பந்தங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு "சாய்ரே, சாய்ர்யோ" என்று கத்தியபடி குறுகிய தெருவில் வருவார்கள். ஆனால் போக ஒரே ஒரு சின்ன ரயில் பாதைதான், ஏறவும் திரும்பவும் நெடுநேரம் நெரிசலில் நிற்க வேண்டும். முதல் தனிப்பயணத்தில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விடுப்பு இன்னும் சில நாள் நீளுமானால் கோயாசான் போங்கள். சைவ உணவுக்காரருக்கு ஜப்பானில் அதைவிட நிம்மதியான இடம் எனக்குத் தெரியாது. 816-இல் கூகாய் துறவி தேர்ந்தெடுத்த மலை, ஏறத்தாழ 800 மீட்டர் உயரம். அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரத்தில் மேப்பிள் சிவந்துவிடும். ஐம்பதுக்கு மேற்பட்ட மடங்கள் பயணிகளுக்கு அறை கொடுக்கின்றன, தனியாக வருபவர்களை ஏற்கும் மடங்களும் பல. இரவும் காலையும் ஷோஜின் ரியோரி என்னும் மடத்துச் சமையல்: மீன் இல்லை, முட்டை இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. எள்ளை அரைத்துக் கெட்டியாக்கிய கோமாடோஃபு, உறையவைத்துக் காயவைத்த டோஃபு, காய்களில் மாவு தோய்த்துப் பொரித்த தெம்புரா. சில மடங்களில் விடியற்காலையில் தீ வளர்த்துச் செய்யும் பூஜையைப் பார்த்தால் நம்மூர் ஹோமம் என்று உடனே புரிந்துவிடும். அது வெறும் ஒற்றுமை அல்ல. கூகாய் ஜப்பானில் நிறுவிய ஷிங்கோன் என்னும் பௌத்த மரபின் எட்டு ஆசாரியர்களில் ஒருவர் வஜ்ரபோதி. பல்லவர் காலத்தில் காஞ்சியில் இருந்து, இலங்கை வழியாகக் கடலேறி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனா போனவர். மடங்களில் எட்டு ஆசாரியர் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும், அவரையும் தேடிப் பாருங்கள்.

மற்ற இடங்களில் சாப்பாடு பற்றி ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். காய்கறி மட்டும் போட்ட சூப்பும் நூடுல்ஸும்கூடப் பெரும்பாலும் தாஷி என்ற மீன் சாற்றில் செய்தவையாக இருக்கும். "நிக்கு தோ சகானா வா தபேமசென். கட்சுவோ தாஷி மோ தமே தெஸ்" என்று சொல்லுங்கள். இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், மீன் சாறும் ஆகாது என்று பொருள். இதைவிட உறுதி வேண்டுமானால் ஜப்பானிய எழுத்தில் எழுதிய அட்டையைக் காட்டுங்கள். தகாயாமா தெருக்களில் அரிசி உருண்டைகளைக் குச்சியில் குத்திச் சோயா சாஸ் தடவித் தணலில் வாட்டிக் கொடுப்பார்கள், இனிப்பு இல்லாத மிதராஷி தாங்கோ. மியாகாவா ஆற்றோரக் காலைச் சந்தையில் ஆப்பிள், பெர்சிமன், சிவப்பு டர்னிப் ஊறுகாய். இலையுதிர்காலத்தில் எங்கே போனாலும் சுட்ட சர்க்கரைவள்ளியும் வறுத்த செஸ்நட்டும் கிடைக்கும். கூடவே வீட்டிலிருந்து பருப்புப்பொடி கொண்டு போங்கள். வெறும் சோறு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

தனியாகப் போவது பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் ஜப்பானில் தனியாகச் சாப்பிடுவதும் சுற்றுவதும் யாரும் திரும்பிப் பார்க்காத விஷயம். உணவகங்களில் ஒற்றை ஆளுக்கான நீள மேசை இருக்கும், நான்கு பேர் கூட்டம் வெளியே காத்திருக்கும்போது உங்களை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். இலை தேடும் பயணத்தில் இதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று. காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு, இன்று மேலே போகலாமா கீழே இருக்கலாமா என்று நீங்கள் மட்டும் முடிவு செய்யலாம். குழுவோடு போனால் மழை பெய்தாலும் டிக்கெட் வாங்கிய ரோப்வேயில்தான் ஏறியாக வேண்டும்.

சிக்கல் தங்குமிடத்தில்தான். பாரம்பரிய ரியோகான் விடுதிகள் பல, சனிக்கிழமைகளிலும் பருவ காலத்திலும் ஒற்றை ஆளுக்கு அறை தருவதில்லை. பிசினஸ் ஹோட்டல்களில் ஒற்றை அறை எப்போதும் உண்டு, பெண்களுக்குத் தனித் தளம் ஒதுக்கியவையும் இருக்கின்றன. தகாயாமா விழா நாட்களுக்கான அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துபோகும். கிடைக்காவிட்டால் ரயிலில் கால் மணி தூரத்தில் இருக்கும் ஹிதா ஃபுருகாவாவில் தேடுங்கள். பெரிய பெட்டியைத் தக்யுபின் பார்சலில் அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அனுப்பிவிடலாம், பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். தகாயாமாவில் பெட்டியை நிக்கோ ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு முதுகுப்பையோடு ஷிராகாவாகோ போவதுதான் சுகம். ரயில் பாஸை யோசிக்காமல் வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. தனித்தனி டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஒரே ஓர் ஆபத்தைப் பற்றி எச்சரிக்கிறேன்: கரடி. குளிர்கால உறக்கத்துக்கு முன் அவை தீனி தேடி அலையும் பருவம் இது. 2025-இல் ஜப்பானில் கரடி தாக்கி இறந்தவர்கள் எண்ணிக்கை இதுவரை இல்லாத அளவுக்குப் போனது. பையில் மணி கட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் காட்டுப் பாதையில் தனியாக நடக்காதீர்கள். பாதை மூடியிருப்பதாகப் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள பாதையே போதும், இலையின் அழகு அங்கேயும் குறைவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் உங்கள் மனம் கியோட்டோவின் சிவப்பிலேயே இருக்கிறது என்றால், விடுப்பை நவம்பர் 20-ஐ ஒட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய ஊர்வலங்களை விட்டுவிட வேண்டியிருக்கும், பதிலுக்குக் கோயில்களின் இரவு விளக்கு அலங்காரங்கள் கிடைக்கும். நவம்பர் 23 அரசு விடுமுறை, அதை ஒட்டிய நாட்களில் கூட்டம் தாங்காது, அறை விலையும் எகிறும். தோஃபுகுஜி கோயிலில் மரப்பாலத்தின் கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேப்பிள். அங்கே செர்ரி மரங்கள் இருந்தால் மக்கள் கேளிக்கைக்கு வந்துவிடுவார்கள் என்று, மின்சோ என்ற ஓவியத் துறவி ஷோகனிடம் கேட்டு அவற்றை வெட்டவைத்ததாகச் சொல்வார்கள். இன்று மேப்பிளுக்கே அந்தக் கூட்டம் வருகிறது, உச்சப் பருவத்தில் பாலத்தின் மேல் படம் எடுக்கவே தடை. வார நாளில், கதவு திறக்கும் நேரத்துக்குப் போங்கள்.

ஏய்கான்டோ கோயிலை விட்டுவிடாதீர்கள். ஏறத்தாழ 3,000 மேப்பிள் மரங்கள் இருந்தும், நான் உங்களை அனுப்புவது உள்ளே இருக்கும் 77 சென்டிமீட்டர் அமிதா புத்தருக்காக. தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் பின்னால் பார்க்கும் சிலை. 1082-இல் யோகான் துறவி வலம் வரும்போது புத்தர் பீடத்திலிருந்து இறங்கி முன்னால் நடந்தாராம். துறவி திகைத்து நின்றுவிட, "யோகான், தாமதிக்கிறாய்" என்று திரும்பிப் பார்த்தாராம். பக்கவாட்டில் போய் நின்றால்தான் முகம் தெரியும். அவசரப்படாதீர்கள்.

நகரக் கூட்டம் சலித்தால் தகாவோ. பஸ்ஸில் 50 நிமிடம், நகரத்தைவிட ஒரு வாரம் போல முன்னதாகவே சிவக்கும். ஜிங்கோஜி கோயிலுக்கு ஏறத்தாழ 400 கல் படி. மேலே சின்ன மண் தட்டுகள் விற்பார்கள். அவற்றைப் பள்ளத்தாக்கில் வீசினால் தீவினை போகும் என்பது நம்பிக்கை. சுழற்றி வீச வேண்டும், நேராக எறிந்தால் காலடியிலேயே விழுந்துவிடும்.

நவம்பர் கடைசியில் கியோட்டோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பெரும்பாலான கோயில்களும் நாலரை ஐந்துக்குள் மூடிவிடும். எனவே பகல் திட்டத்தைக் காலை எட்டு மணிக்கே தொடங்குங்கள். பகலில் 15 டிகிரி, காலையில் 5, 6 டிகிரி இருக்கும். அக்டோபரில் மலை மேலேயும் ஏறத்தாழ இதே குளிர்தான், உச்சியில் இன்னும் குறையும். ஒரே ஒரு தடித்த கோட்டுக்குப் பதில் கழற்றி மாட்டும்படி இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள், கோயிலுக்குக் கோயில் கழற்ற வேண்டியிருக்கும். தரை சில்லென்று இருக்கும், கனமான சாக்ஸும் வேண்டும்.